சாமைக்கு ஒரு பி மெமோ

பாறைப்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் புளியமரத்துக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கட்டடம் தெரியும். பலகையில் ‘பழங்குடி மெய்த்தன்மை உறுதி அலுவலகம் (தற்காலிகம்)’ என்று எழுதியிருக்கும். அந்தத் தற்காலிகம் ஆரம்பித்துப் பதினொரு வருசம் ஆகிறது. மலைமேல் இருப்பவர்கள் அதை மெய் ஆபீஸ் என்பார்கள். நான் மலைவாழ் பழங்குடி என்று ஒருவர் சொன்னால், அவர் மெய்யாகவே பழங்குடிதானா என்று தோண்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை. தோண்டுகிற வேலை மும்முரமாக நடக்கிறது. கொடுக்கிற வேலைக்குத்தான் இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

பாஞ்சாலி அந்த வாசலில் வந்து நின்றபோது மணி இரண்டு பத்து. வெள்ளிக்கிழமை. சரியாக ஐந்து மணிக்குள் அவளுடைய சான்றிதழ் நர்சிங் காலேஜ் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் பழங்குடி ஒதுக்கீட்டில் அவளுக்கு வந்த சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிளஸ் டூவில் ஐந்நூற்று நாற்பத்தோரு மார்க். சித்தேரி மலையில் அவள் ஊரிலிருந்து அந்த மார்க்கை யாரும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மார்கழியில் மனுப் போட்டாள். இப்போது ஆடி. இது ஒன்பதாவது நடை.

கூட அப்பா வேடியப்பன் வந்திருந்தார். கூடப் படித்த நிர்மலா அரூரில் ஓர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பாஞ்சாலியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

“ஏய் பாஞ்சு, நல்லா கேளு. சர்டிபிகேட் கெடைக்கலன்னாலும் பரவால்லியாம். அந்த ஆபீசுல குடுத்த ஏதாச்சும் ஒரு காயிதம், உன் பேரும் உன் இனமும் எழுதி, கையெழுத்து சீலோட இருந்தா தற்காலிகமா ஏத்துக்குவாங்களாம். இங்க கீழ சின்ன எழுத்துல போட்டிருக்குது. எதையாச்சும் வாங்கிடுடீ.”

எதையாச்சும் வாங்கிவிடலாம் என்ற தைரியத்தோடுதான் வந்தாள். வாசலில் இருந்த பலகையைப் பார்த்ததும் அந்தத் தைரியம் பாதியாகிப் போனது. ‘காலணிகளை வெளியே விடவும்.’ போன எட்டு நடையிலும் ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குத்தான் உள்ளே விசாரணை.

அவளுக்கு அந்தப் பலகை ஏன் கிலி என்பதைச் சொல்லியாக வேண்டும். பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பாஞ்சாலிக்குச் சாமை முளைக்கும். வெறுங்கால் எங்கே படுகிறதோ அங்கே. மண், சிமென்ட், பாத்ரூம் தரை என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் முதல்தடவை வந்தது. மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் பெஞ்சுக்கு அடியில் பச்சையாக ஏதோ தெரியவும் பிட்டு என்று நினைத்துக் குனிந்தார். சாமையில் கணக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் ஒரு பையனிடமிருந்து இன்ஸ்டாகிராமில் ‘ஹாய்’ என்று வந்ததற்கு, அம்மா வருவதற்குள் அடுப்படியில் ஒரு முறம் அளவு களை பிடுங்க வேண்டியதாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள்: ரத்தம் கம்மி. சத்து மாத்திரை கொடுத்தார்கள். அன்று முதல் வெயிலோ மழையோ, இரண்டு அடுக்கு சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

இப்போது அதைக் கழற்ற வேண்டும்.

“கழட்டு பாப்பா, நேரமாவுது” என்றார் அப்பா. அவர் பலகையைப் படிக்கவேயில்லை. மலையில் பயிர் நிற்கிற கொல்லைக்குள் நுழைகிறவர் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, தானாகவே கழற்றி ஓரமாக வைத்துவிட்டிருந்தார்.

உள்ளே பளபளவென்று வெள்ளை டைல்ஸ். மேசைக்குப் பின்னால் எழுத்தர் சசிகலா. பாஞ்சாலி கூச்சத்தோடு கேட்டாள்.

“மேடம், மனு வாங்கினதுக்கு ஒரு ரசீது குடுப்பீங்கள்ல, அதுல என் இனம் என்னான்னு எழுதிக் குடுக்க முடியுங்களா?”

“ரசீதுல எப்படிம்மா எழுதறது? நீ என்ன இனம்னு கண்டுபிடிக்கத்தான விசாரணையே.”

“மனுவுல எழுதியிருக்கனே மேடம்.”

“அது நீ சொல்றது. நீ சொல்றத நாங்க எழுதினா அப்புறம் நாங்க எதுக்கு?” என்று சசிகலா நியாயமாகவே கேட்டாள். அப்புறம் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “என்னம்மா இது, தரையில? குப்பை போடாதீங்கம்மா. இப்பத்தான் கூட்டினாங்க.”

பாஞ்சாலி கீழே பார்க்கவில்லை. கட்டைவிரல் இடுக்கில் ஊசி ஊசியாகக் குறுகுறுத்தது. அவளுக்குத் தெரியாதா.

மணி இரண்டு நாற்பது. முனைவர் மாயவனின் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

மாயவன் அந்த அலுவலகத்தின் ஆய்வாளர். மலை மக்களைப் பற்றி நானூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர். மேசைமேல் அந்த நானூறு பக்கமும், கண்ணாடிக்குள் வில் பிடித்த ஒரு மண் பொம்மையும் இருந்தன.

“சார் எங்க மலைக்கு வந்திருக்கீங்களா?” என்றார் வேடியப்பன், விருந்தாளியை விசாரிக்கிற தோரணையில்.

“வளைவு ரோடு எனக்கு ஒத்துக்காது. தலை சுத்தும். அதனால படிச்சே தெரிஞ்சுக்கிட்டேன். அதுல ஒரு நன்மை பாருங்க, நேர்ல போனா ஆளுங்களைப் பாத்து மனசு சாயும். ஆராய்ச்சி கெட்டுப்போகும்.” படிவத்தைப் பிரித்தார். “நாப்பது கேள்வி. நூறு மார்க். அறுபது எடுத்தா நீ பழங்குடி. ஐம்பத்தொம்பது எடுத்தா இல்ல. ஆரம்பிக்கலாமா?”

ஐந்நூற்று நாற்பத்தொன்று எடுத்தவளுக்கு அறுபது எம்மாத்திரம் என்று பாஞ்சாலி மனசைத் தேற்றிக்கொண்டாள். டைல்ஸில் இரண்டு இலை விட்டது.

“காட்டுல வழி தவறிட்டா எப்படி வெளிய வருவ?”

“போன்ல மேப் பாப்பேன் சார்.”

மாயவன் வருத்தத்தோடு ஒரு சுழி போட்டார்.

“சிக்னல் கெடைக்காதுங்க சார், அப்ப ஆட்டுத்தடத்தப் பாத்து...”

“முதல் பதில்தான் செல்லும். அடுத்தது, வீடு எதால கட்டினது?”

“தொகுப்பு வூடுங்க. கவருமெண்ட்டுல கட்டிக் குடுத்தது.”

“கான்கிரீட். மைனஸ் அஞ்சு.”

“நீங்க குடுத்த வூடுதானுங்களே அது?” என்றார் வேடியப்பன்.

“குடுத்தது வேற துறை. அவங்க உங்களை முன்னேத்தப் பாக்கறாங்க. நாங்க நீங்க முன்னேறிட்டீங்களான்னு பாக்கறோம். முன்னேறிட்டா எங்ககிட்ட வரக் கூடாது.” மாயவன் பேனாவைத் தட்டினார். “இருபத்திரண்டாவது கேள்வி. உங்க ஆட்டத்தை ஆடிக் காட்டு.”

“சார்?”

“பழங்குடி நடனம். பத்து மார்க். அதுல நல்லா பண்ணா தேத்திடலாம்.”

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். “அது நோம்பிலதான் சார் ஆடுவாங்க” என்றாள் பாஞ்சாலி. “ஆம்பளைங்கதான் ஆடுவாங்க. எனக்குத் தெரியாதுங்க.”

“சும்மா ஆடும்மா. சங்கடப்பட்டா எப்படி? மெய்யானவங்க கேட்டதும் ஆடுவாங்க. போன மாசம் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசு. என்னமா ஆடினார் தெரியுமா!”

“அவருக்குச் சான்றிதழ் குடுத்தீங்களா சார்?”

“கால் கொஞ்சம் தாளம் தப்பிடுச்சு.”

பாஞ்சாலி எழுந்து நின்றாள். ஆடவில்லை. ஆடாமல் நின்றதற்கே கண்ணில் நீர் முட்டியது, உடம்பெல்லாம் கூசியது. பரீட்சைக்குப் பயந்திருக்கிறாள், கரடிக்குப் பயந்திருக்கிறாள். இப்படிப் பட்டப்பகலில் ஒரு மனுசன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ஆடச் சொல்கிறானே, அந்த மாதிரி ஒரு பயத்தை அவள் இதுவரை அறிந்ததில்லை. முழங்கால் உயரத்துக்குச் சரசரவென்று சாமை எழும்பி அறையைப் பாதி அடைத்தது.

மாயவன் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு படிவத்தைப் புரட்டினார்.

“முப்பத்தோராவது கேள்வி, பயிரிடும் முறை. ‘மலைச்சரிவு’ன்னு இருந்தா பதினஞ்சு மார்க். இது சமதளம். டைல்ஸ் வேற.” அவருக்கே மனசு கேட்கவில்லை. “கொஞ்சம் சரிவா இருந்திருந்தா குடுத்திருப்பேன்.”

வேடியப்பன் இதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மகளுக்கு இப்படி முளைப்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. பயிரைக் கண்டதும் கை சும்மா இருக்காது. தரையில் குந்திக்கொண்டு, நடுவே முளைத்திருந்த கோரையைப் பிடுங்கிக் குவிக்க ஆரம்பித்துவிட்டார்.

“முப்பத்திரண்டு. நீங்க மலை விவசாயின்னு நிரூபிக்க ஏதாவது ஆதாரம் இருக்கா?” என்று மாயவன் அவர் தலைக்கு மேலே கேட்டார்.

“இருங்க சார், இந்த வரிசைய முடிச்சிட்டு வந்துடறேன்.”

“ஆதாரம் இல்லை” என்று மாயவன் எழுதினார். கூட்டிப் பார்த்தார். நாற்பத்தேழு வந்தது.

போன் அதிர்ந்தது. நிர்மலா. “மணி மூணே முக்கால்டீ! கெடச்சுதா? இங்க கடைக்காரரு கரண்டு போவும் போவும்னு சொல்லிட்டே இருக்காரு, எனக்கு உசுரே போவுது.” பாஞ்சாலி போனை வைத்துவிட்டாள். போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது.

அடுத்தது தனி அலுவலர் ராஜாமணியின் அறை. அந்தக் கட்டடத்தில் காலில் ஷூ போட்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான். பாஞ்சாலி வாசலிலிருந்து அவர் மேசை வரை நடந்து வந்த பத்தடியும் பின்னாலேயே பச்சை வரப்பாக எழுந்து நின்றது. ராஜாமணி அதைப் பார்த்தார். அதிசயப்படவில்லை. முப்பது வருச சர்வீஸில் ஃபைலில் வராத எதையும் பார்த்து அவர் அதிசயப்பட்டதில்லை.

“உக்காரும்மா. நாப்பத்தேழு எடுத்திருக்க. வருத்தமா இருக்கு.” மெய்யாகவே வருத்தமான குரல் அவருக்கு உண்டு. “இந்த ஆபீஸ் உங்க மக்களுக்கு ஒரு வேலி மாதிரி. உங்க உரிமையை வேற எவனும் தட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். பதினொரு வருசத்துல ஒரு தப்பான சான்றிதழ்கூட இங்கேர்ந்து வெளிய போனதில்ல. ஏன்னு கேளு.”

“ஏனுங்க சார்?”

“ஒரு சான்றிதழுமே போனதில்ல. அவ்வளவு சுத்தம்.”

“அப்ப மெய்யான பழங்குடிக்கு, சார்?”

“மெய்யான பழங்குடி சான்றிதழ் கேக்க மாட்டான்மா. அவன் பாட்டுக்குக் காட்டுல இருப்பான். மனு எழுதத் தெரிஞ்சு, பஸ் ஏறத் தெரிஞ்சு, இங்க வந்து நிக்கிறான் பாரு, அவன் மேலதான் எனக்குச் சந்தேகமே. இது அனுபவம்.”

“சார், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா சீட்டு போயிடுங்க சார்.” பாஞ்சாலி விடவில்லை. “நான் நல்லாப் படிச்சிருக்கேன். எங்க ஊர்ல ஒரு பிரசவம்னா தூளி கட்டித்தான் சார் தூக்கிட்டு வரோம். எங்க அத்தைய வழியிலயே... நான் நர்சா வந்தா அங்கதான் சார் இருப்பேன்.”

“நல்ல எண்ணம். அதை ஒரு மனுவா எழுதிக் குடு, சேத்து வெக்கறேன்.” மணியை அடித்தார். “சசிகலா, நிராகரிப்பு ஆணை டைப் பண்ணுங்க. மனுதாரர் பழங்குடி இல்லை. அப்புறம் இந்தத் தரையில இருக்கிறது என்ன?”

“சாமைங்க சார்” என்றார் வேடியப்பன் பின்னாலிருந்து. “நல்ல வெளச்ச. குருவி வந்துரும். தட்டறதுக்கு ஒரு தகரம் இருந்தாக் குடுங்க.”

ஜன்னல் வழியே ஏற்கெனவே நாலு குருவி வந்து ஃபைல் ரேக்கின்மேல் உட்கார்ந்திருந்தன. ராஜாமணியின் முகம் முதல்தடவையாக மாறியது. சட்டம் தெரிந்தவர் அல்லவா!

“அரசாங்கக் கட்டடத்துல அனுமதி இல்லாம சாகுபடி. இது ஆக்கிரமிப்பு. வி.ஏ.ஓ.வ வரச் சொல்லுங்க. பி மெமோ போடணும்.”

பி மெமோ என்றால் மலையில் குழந்தைக்கும் தெரியும். புறம்போக்கில் உழுதவனைப் பிடித்து, ‘இன்னார் இந்த இடத்தை ஆக்கிரமித்திருக்கிறார்’ என்று வி.ஏ.ஓ. எழுதிக் கொடுக்கும் காகிதம். கொடுக்கிறவர் அதைத் தண்டனை என்று நினைத்துக் கொடுப்பார். வாங்குகிறவரோ பத்திரமாக டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பார். என்றைக்காவது பட்டா கேட்கும்போது, அந்த இடத்தில் தான்தான் இருந்தேன் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சாட்சி அது. வேடியப்பனின் காது நிமிர்ந்தது. எழுந்து, கையிலிருந்த கோரையைத் தட்டிவிட்டு, மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

வி.ஏ.ஓ. குமார் மோட்டார் பைக்கில் வந்து சேர்ந்தபோது நாலு பதினெட்டு. நல்ல மனுசன், ஆனால் எதைச் செய்தாலும் படிவம் முழுக்க நிரம்பினால்தான் தூக்கம் வரும். டேப்பைப் பிடித்து அறையையும் வராந்தாவையும் அளந்தார். பயிர்க் கணக்கு எழுதுகிற அடங்கல் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தார்.

“பயிர், சாமை. பரப்பு, முக்கால் சென்ட். பாசனம்?” நிமிர்ந்து பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்தார். கன்னம் நனைந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். “மானாவாரின்னே போட்டுடறேன்.”

நாலு இருபத்தெட்டு. குமார் மெமோ புத்தகத்தைத் திறந்து நிதானமாக நிரப்பினார். ஆக்கிரமித்தவர் பெயர். தந்தை பெயர். ஊர். பேனா ஒரு கட்டத்தில் வந்து நின்றது.

“ஒம்பதாம் நெம்பர், இனம். அதை விட்டுடலாங்களா சார்?”

நிர்மலா சொன்னது பாஞ்சாலியின் காதில் கேட்டது. உன் பேரும் உன் இனமும் எழுதி, கையெழுத்து சீலோட. அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று.

“விடறதா? என்னய்யா வேலை பாக்கறீங்க?” என்றார் ராஜாமணி. “பழங்குடி ஆக்கிரமிச்சா அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. சாதாரண ஆளுன்னா சும்மா எச்சரிச்சு விட்டுடுவாங்க. இது இறுக்கமா இருக்கும். தெளிவா எழுதுங்க, மலைவாழ் பழங்குடின்னு.”

திறந்த கதவுக்கு வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த சசிகலாவின் விரல்கள் நின்றன. “சார், இங்க ஆணையில பழங்குடி இல்லைன்னு அடிக்கிறேன். அங்க மெமோவுல...”

“அது வேற ஃபைல், இது வேற ஃபைல்.” ராஜாமணி பொறுமையாக விளக்கினார். “ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலைப் பாக்கக் கூடாது. பாத்தா ரெண்டும் குழம்பும். அதுக்குப் பேர்தான் நிர்வாகம். முப்பது வருசமா நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.”

குமார் எழுதினார். பாஞ்சாலி, தந்தை பெயர் வேடியப்பன், மலைவாழ் பழங்குடி. பதினொரு வருசம், நாற்பது கேள்வி, நானூறு பக்க ஆராய்ச்சி, இத்தனையும் சேர்ந்து முடிவு கட்டாததை ஒரு பால்பாயின்ட் பேனா மூன்று நொடியில் எழுதி முடித்தது. ராஜாமணி மேலொப்பம் போட்டார். சீலை மையில் அழுத்தி, கொஞ்சம் கோபத்தோடேயே குத்தினார். நன்றாகப் பதிந்தது.

“வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போடு.”

போட்டாள். காகிதம் கைக்கு வந்தபோது நாலு நாற்பத்தொன்பது.

அதை வாங்கினால் போதுமா, அனுப்ப வேண்டுமே. அந்த அறைக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு காட்டியது. நடுவில் இடுப்பு உயரச் சாமை. சாய்த்து மிதித்துக்கொண்டு ஓடலாம்தான். பாஞ்சாலியின் கால் நகரவில்லை. கதிர் பிடித்த பயிரை மிதித்துப் பழக்கமில்லை, அந்த ஜென்மத்துக்கு அது வராது. வேடியப்பன் இரண்டு கையாலும் பயிரை அணைத்து ஒதுக்கிப் பிடித்தார். அவள் ஒருக்களித்து, ஒவ்வொரு அடியாக வைத்து, ஜன்னலை எட்டினாள். நாலு ஐம்பத்திரண்டு.

முதல் போட்டோ மங்கலாக வந்தது. இரண்டாவதில் குருவி குறுக்கே வந்தது. மூன்றாவது சரி. அனுப்பினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. போனில் மூன்று சதவீதம்.

“வந்துடுச்சுடீ!” நிர்மலாவின் குரல் கத்தலாக வந்தது. “ஐயோ, சைஸ் பெருசா இருக்குதாம். இருநூறு கேபிக்குள்ள கேக்குது. இரு இரு, அண்ணா, இதக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்கண்ணா, சீக்கிரம்... பாஞ்சு, இது என்னாடீ இது, ஆக்கிரமிப்பு நோட்டீஸா?”

“கேக்காத. ஏத்து.”

“ஏறுது. ஏறுது. அறுபது, எழுபது... நின்னுடுச்சு. ஏ சாமி! தொண்ணூறு...”

போன் அணைந்துபோனது.

சுவரில் மணி நாலு ஐம்பத்தெட்டு. பாஞ்சாலி செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, காலடியில் கதிர் முற்றித் தலை சாய்வதைப் பார்த்தபடி நின்றாள். அந்த இரண்டு நிமிசத்தில் அவள் கும்பிடாத சாமி மலையில் பாக்கி இல்லை. ஐந்து அடித்தது. வேடியப்பன் ஜன்னலோரம் வந்து, மடியிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினார். அது அவர் கையிலேயே அடித்தது.

“பெரிப்பா, ஏத்துக்கிச்சு பெரிப்பா! நாலு அம்பத்தொம்போது! பச்சை டிக் வந்துடுச்சு!”

வேடியப்பன் போனை மகள் காதில் வைத்தார். பாஞ்சாலி ஓவென்று அழுதாள். அழுது முடித்துக் குனிந்து பார்த்தால், காலுக்கடியில் புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை.

நிர்மலா போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டிருந்தது. ராஜாமணிக்கு விசயம் புரிய அரை நிமிசம் பிடித்தது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அந்த மெமோவத் திருப்பிக் குடும்மா.”

“கையெழுத்து போட்டு வாங்கிட்டேனுங்க சார்.”

“குமார், மெமோவ ரத்து பண்ணுங்க!”

குமார் தலையைச் சொறிந்தார். “பண்ணலாங்க சார். ஆனா இவங்க பழங்குடி இல்லைன்னு ரிப்போர்ட் வேணுங்களே. அது எங்க இருக்குது?”

“இதோ, நிராகரிப்பு ஃபைல்ல இருக்கு.”

“இந்த ஃபைல் அந்த ஃபைலைப் பாக்கக் கூடாதுங்களே சார்” என்றார் குமார். கிண்டல் இல்லை. மனுசன் நெஜமாகவே சந்தேகம் கேட்டார்.

ராஜாமணி உட்கார்ந்தார். சசிகலா டைப் அடித்த நிராகரிப்பு ஆணையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா அப்படியே நின்றது. இதில் போட்டால் அந்த மெமோ பொய். மெமோ பொய் என்றால் அதில் போட்ட கையெழுத்தும் பொய். முப்பது வருச சர்வீஸில் அவர் கையெழுத்து பொய்யானதில்லை. கடைசியில் ‘பயிர் அறுவடைக்குப் பின் பரிசீலிக்கப்படும்’ என்று ஓரத்தில் எழுதி ஃபைலை மூடினார்.

வெளியே வரும்போது பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுப் பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் சசிகலா தன் மேசைக்குக் கீழே இருந்த பயிருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். பாஞ்சாலியும் பார்க்காதது போலவே ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பத்து நாள் கழித்து அவள் ஹாஸ்டலில் சேர்ந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா போன் செய்தார். பின்னால் சந்தையில் நிற்பது போல ஒரே இரைச்சல்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“மெய் ஆபீசுலதான் பாப்பா. நம்மூரு, மேலூரு, எல்லாம் சேந்து அறுபத்தி மூணு பேரு வந்திருக்கோம். ஆளுக்கு ஒரு மடி வெத. காத்தாலயே ஆபீசச் சுத்தி வெதச்சிட்டோம். சாமை, கேவுரு, கொள்ளு. உனக்கு மொளைக்கிற மாதிரி எங்களுக்குக் காலுல மொளைக்காது, அதனால கையால வெதச்சோம். இப்ப வரிசையில நிக்கறோம், பி மெமோ வாங்க.”

“குடுக்கறாங்களா?”

“குடுக்காம? ஆக்கிரமிப்பு இல்லியா! குமாரு சாரு மூணாவது புஸ்தகம் பிரிச்சிட்டாரு. ஒம்பதாம் நெம்பரு கட்டத்துல எல்லாத்துக்கும் எழுதறாரு. அந்தப் பெரிய சாருக்கு ஒரே ரத்தக் கொதிப்பாம், லீவு போட்டுட்டாரு. போறதுக்கு முன்னாடி வாசல்ல பலகைய மாத்திட்டுப் போயிருக்காரு. இனிமே யாரும் வெறுங்காலோட வரக் கூடாதாம். செருப்ப மாட்டிக்கிட்டுத்தான் உள்ள வரணுமாம்.”

பாஞ்சாலி சிரித்தாள். “அப்ப செருப்பு போட்டுக்கிட்டா போனீங்க?”

இவ்வளவு படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்று அப்பா நினைத்திருப்பார்.

“பயிரு நிக்கிற எடத்துல செருப்போட எப்பிடி பாப்பா போறது? கழட்டிட்டுத்தான் போனோம்.”